வீட்டுக்காரர் என்றொரு சொல்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்கு என் போனில் ‘டு லெட்’ படத்தைப் போட்டுக் கொடுத்தேன். பாதி ஆயுசை வாடகை வீட்டில் கழித்தவள், பார்த்துவிட்டு அழுவாள் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அவள் அழவில்லை. இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா அந்த வீட்டுக்காரம்மாவப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே” என்றாள்.

“என்னத்தச் சொல்லணும்? அதான் ஈவு இரக்கமில்லாம வெரட்டுதே.”

“வெரட்டுது, சரி. எதுக்கு வெரட்டுதுனு கேக்குறேன்.”

“காசுக்கு.”

“அந்தக் காசு எதுக்கு?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. படத்திலும் பெரிதாக இல்லை. 2019 பிப்ரவரியில் அந்தப் படம் வெளியானபோது, தியேட்டரிலிருந்து வந்த சூட்டோடு ஃபேஸ்புக்கில் நீளமாக ஒரு பதிவு எழுதியிருந்தேன். வீட்டுக்காரம்மாவைக் கிட்டத்தட்ட அரக்கியாக்கி, இளங்கோவையும் அமுதாவையும் தமிழ் சினிமாவின் மிக நேர்மையான தம்பதி என்று கொண்டாடியிருந்தேன். முந்நூறு லைக் வந்தது. அதைப் பெருமையாகத்தான் இத்தனை நாள் வைத்திருந்தேன். அம்மாவின் ஒரு கேள்விக்குப் பிறகு அந்தப் பதிவைத் திரும்பப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கூச்சத்திலிருந்து எழுதுவது. கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

போடிநாயக்கனூரில் நாங்கள் பதினான்கு வருஷம் குடியிருந்தது ஒரு காம்பவுண்டில். எதிரெதிராக மூன்றும் இரண்டுமாக ஐந்து வீடுகள், நடுவில் ஆறடி நடை, ஒரு அடிபம்பு, கடைசியில் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ரெண்டு கக்கூஸ். அப்பா ஜீப் ஓட்டினார். விடிவதற்கு முன் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய இறங்கிவருவார். அம்மா ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கப் போவாள். காம்பவுண்டில் இருந்த எல்லாப் பெண்களின் விரல் நுனியும் வாசமாக இருக்கும். இதைக் கவித்துவமாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாசத்தோடு சோறு சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வாடகை மாசம் 5-ஆம் தேதி. கரண்டுக்குத் தனிக்கணக்கு. மெயின் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில், எங்களுக்குச் சின்ன மீட்டர். இந்தச் சின்ன மீட்டரைப் பற்றித் தமிழில் யாராவது ஒரு கதையாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடியிருக்கிறேன். என் கண்ணில் படவில்லை. விஷயம் எளிதுதான். நீங்கள் எவ்வளவு யூனிட் செலவு பண்ணுகிறீர்களோ அதைப் பொறுத்துக் கட்டணம் படிப்படியாக ஏறும். ஐந்து குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால், ஐந்து ஏழைகளும் சேர்ந்து மீட்டருக்கு ஒரு பணக்காரனாகத் தெரிவார்கள். 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறதே, அதுவும் இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. ஐந்து குடும்பத்துக்குச் சேர வேண்டிய ஐந்நூறு யூனிட், காம்பவுண்டுக்குள் நுழையும்போது நூறாகச் சுருங்கிவிடும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை போட்டு வாங்கிக்கொள்வார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவருக்கு வரும் பில்லே அப்படி.

எங்கள் காம்பவுண்டுக்குச் சொந்தக்காரர் ஒரு பாட்டி. புருஷன் போய்விட்டார், பிள்ளைகள் வெளியூர். ஐந்து வீட்டு வாடகைதான் அவர் சாப்பாடும் மாத்திரையும். பத்தாம் தேதியைத் தாண்டினால் கம்பை ஊன்றிக்கொண்டு நடையில் இங்கிட்டும் அங்கிட்டும் நடப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். அந்தக் கம்புச் சத்தம்தான் நோட்டீஸ். சின்ன வயதில் எனக்கு அந்தச் சத்தம் என்றால் வயிற்றைக் கலக்கும். அம்மாவுக்கும் கலக்கியிருக்கும். ஆனால் பாட்டிக்கு முடியாமல் போனபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அம்மாதான்.

*

நம் மொழி ஒரு வேடிக்கை பண்ணி வைத்திருக்கிறது. ‘வீட்டுக்காரர்’ என்றால் வீட்டின் சொந்தக்காரர். ‘எங்க வீட்டுக்காரர்’ என்றால் புருஷன். காம்பவுண்டில் ஒரு பெண் “வீட்டுக்காரர் சத்தம் போடுவாரு” என்றால் யாரைச் சொல்கிறாள் என்று சந்தர்ப்பத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பேரிடமும் மாசாமாசம் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது, இரண்டு பேரும் நினைத்தால் வெளியே போ என்று சொல்லலாம். இன்னொரு பக்கம், குடியிருப்பவரைக் குறிக்கும் ‘குடி’தான் குடும்பத்துக்கும், குடித்தனத்துக்கும், குடிமகனுக்கும் வேர். வாடகைக்குப் பழைய சொல் ‘குடிக்கூலி’. அந்தச் சொல்லை நாம் தொலைத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றும். வாடகை என்றால் சைக்கிளுக்கும் உண்டு, பந்தலுக்கும் உண்டு, கல்யாணப் பாத்திரத்துக்கும் உண்டு. குடிக்கூலி என்பது ஓர் இடத்தில் மனிதராக இருப்பதற்குக் கொடுக்கிற விலை.

இத்தனை நெருக்கமான ஓர் உறவை நம் புனைவு எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்துதான். புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ கதையின் முருகதாசர் சென்னையில் ஓர் இடுக்கில் குடியிருக்கிறார். அந்த இடுக்கின் வர்ணனையிலேயே கதையின் கசப்பு முழுதும் வந்துவிடுகிறது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் வாடகைக் குடித்தனத்தின் இழிவெல்லாம் குடத்துக்குள் இறங்குகிறது. இரண்டும் மகத்தான எழுத்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டிலும் வீடு ஒரு நிலைமை. வாடகை என்பது இரண்டு பேருக்கு நடுவில் மாசாமாசம் நடக்கும் ஒரு விவகாரம் என்ற அளவில், அந்த விவகாரத்தின் மறுமுனையில் இருப்பவரும் ஒரு கதாபாத்திரம் என்ற அளவில், நாம் அதிகம் எழுதவில்லை.

சினிமாவில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) எப்படித் தொடங்குகிறது? குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். சுதா அலைந்து பார்க்கிறாள், கட்டுப்படியாகிற வாடகையில் வீடு கிடைப்பதில்லை. சரி, தாத்தாவுக்கு மனை இருக்கிறதே, கட்டிவிடலாம் என்று முடிவாகிறது. அந்த இடத்தில் வாடகை படத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. பிறகு வருவதெல்லாம் சொந்த வீட்டின் காவியம்: லஞ்சம், சிமெண்ட் திருடும் காண்ட்ராக்டர், அவனை எதிர்த்துக் கேட்கும் சித்தாள் மங்கம்மா, பாதி கட்டிய சுவர்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்ச் சேரும் தாத்தா. சொக்கலிங்க பாகவதர் அந்தச் சுவரைத் தொடும் காட்சிக்கு இணையாகத் தமிழில் நான் சொல்லக்கூடியவை ரொம்பக் கொஞ்சம். கடைசியில் அந்த நிலமே குடிநீர் வாரியத்தால் கையகப்படுத்தப்பட்டது என்று தெரியவரும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. தாத்தாவுக்கு மனை இல்லாத சுதாக்கள் என்ன ஆனார்கள்? மங்கம்மா எந்த வீட்டில் குடியிருக்கிறாள், அவள் வாடகை எவ்வளவு? ‘வீடு’ அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஒரு படம் எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும் என்று சட்டமில்லை, ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வருவது, இந்தத் திசை ஒரு வழக்கமாகிவிட்டது என்பதை. நம் கதைகளில் வாடகை வீடு ஒரு பஸ் ஸ்டாண்டு. யாரும் அங்கே இருப்பதில்லை, எங்கேயோ போவதற்காகக் காத்திருக்கிறார்கள். எங்கள் காம்பவுண்டின் மூன்றாவது வீட்டு மதினி அங்கே கல்யாணமாகி வந்து, இரண்டு பிள்ளை பெற்று, இரண்டையும் கட்டிக்கொடுத்து, அங்கேயே செத்தும் போனார். எங்கேயும் போவதற்காக அவர் காத்திருக்கவில்லை.

‘டு லெட்’ இந்த வழக்கத்தை உடைக்கிறது, அதுதான் அதன் முதல் பெருமை. செழியன் வாடகையை விட்டு நகர்வதே இல்லை. 2007 சென்னை. ஐ.டி. சம்பளம் வந்து வாடகையை மேலே தூக்கிவிட்டது. முப்பது நாளில் காலி பண்ண வேண்டும். பின்னணி இசை கிடையாது, பாட்டு கிடையாது. வீட்டின் சத்தங்கள்தான் படத்தின் இசை. வீடு பார்க்கப் போகிற இடத்தில் என்ன சாதி, என்ன வேலை, கறி சாப்பிடுவீர்களா என்று கேட்கப்படும் கேள்விகளை அது உரக்கச் சொல்லாமல், கேட்டவர் முகத்தையும் கேட்கப்பட்டவர் முகத்தையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எங்கள் பக்கம் இதே கேள்வி வேறு வடிவத்தில் வரும். “நீங்க என்ன ஆளுக?” என்று முகத்துக்கு நேராகக் கேட்பது பழைய முறை. இப்போது, “சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு?” என்கிறார்கள். தெருப் பெயர் சொன்னால் போதும். ‘வீடு காலியில்ல தம்பி, நேத்துத்தான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்’ என்று பதில் வரும். போர்டு மட்டும் அடுத்த மாசமும் தொங்கும்.

இத்தனை நுட்பமான படம்தான் வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் சோம்பேறியாகிவிடுகிறது. அவரை நாம் இளங்கோ, அமுதாவின் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். அவர் ஒரு கண்டிப்பு, ஒரு குரல், ஒரு கெடு. சென்னையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வாடகையைக் கூட்டிக் கேட்கும் வெறி எங்கிருந்து வந்தது, பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு வாங்குகிறான் என்று தெரிந்த நாளில் அவர் தூங்கினாரா என்பதெல்லாம் படத்தின் அக்கறையில் இல்லை. படத்தின் உண்மையான வில்லன் ஒரு சந்தை. சந்தைக்கு முகம் கிடையாது என்பதால், கைக்கு எட்டிய ஒரு பெண்ணின் முகத்தை அதற்கு மாட்டிவிட்டார்கள். இது எனக்கு ஆறு வருஷம் முன்னால் தெரியவில்லை. காய் பொறுக்கிய அம்மாவுக்கு ஒரே தடவையில் தெரிந்துவிட்டது.

*

‘டு லெட்’ வெளியானது 2019 பிப்ரவரி 21, வியாழக்கிழமை. அதற்கு மறுநாள், பிப்ரவரி 22-ஆம் தேதி, தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏதோ திரைக்கதையில் வைத்ததுபோல. 2017-இல் நிறைவேறி, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த சட்டம் அது. அன்றோடு 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிந்தது.

பழைய சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்று ஒன்று இருந்தது. இந்தக் கட்டடத்துக்கு இவ்வளவுதான் நியாயம் என்று ஓர் அதிகாரி நிர்ணயிக்கலாம். அதைப் பயன்படுத்திப் பத்து ரூபாய் வாடகையில் கடைவீதியை வளைத்துப் போட்டவர்களும் உண்டு. சட்டம் ஏழைக்கே பயன்பட்டது என்று சொன்னால் பொய். ஆனாலும் வாடகைக்கு நியாயம் அநியாயம் என்று ஒன்று உண்டு என அந்தச் சொல் ஒத்துக்கொண்டது. புதிய சட்டம், எழுதிக்கொள், பதிந்துகொள், எழுதியதே வாடகை என்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது, கூடவே ‘வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் ஒழிய’ என்று ஒரு கதவையும் திறந்து வைக்கிறது. எங்கள் ஊரில் அந்தக் கதவு வழியாகத்தான் எல்லோரும் போகிறார்கள், வருகிறார்கள்.

வாடகைக்கு அரசு உதவி என்று ஒன்று நம்மிடம் உண்டா? உண்டு. வீட்டு வாடகைப்படி என்று அதற்குப் பெயர். அரசு ஊழியர் சம்பளத்தில் அது வரும், சொந்த வீட்டில் இருந்தாலும் வரும். காய் பொறுக்குகிறவளுக்கும் ஜீப் ஓட்டுகிறவருக்கும் வராது. அவர்களுக்கு இருப்பது வீடு கட்டும் திட்டங்கள். 2024-இல் வந்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். குடிசைக்காரர்களுக்கு அது உண்மையிலேயே கூரை. ஆனால் கட்டுவதற்குக் காலடியில் மண் வேண்டும், மண்ணுக்குப் பட்டா வேண்டும். தாத்தாவுக்கு மனை இருந்த சுதாவைத்தான் அரசும் பார்க்கிறது. 2020-இல், கொரோனாவில் ஊருக்கு நடந்தே போன தொழிலாளர்களைப் பார்த்த அதிர்ச்சியில், மத்திய அரசு மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. இப்போது பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் வாடகைக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது. காகிதத்தில் ‘வாடகை’ என்ற சொல் ஏறியதே பெரிய மாற்றம்தான். போடிக்குள் அது இன்னும் இறங்கி நான் பார்க்கவில்லை.

*

வீட்டுக்காரம்மாவையும் மனுஷியாக எழுத முடியும் என்று எனக்குக் காட்டியது ஓர் அமெரிக்கப் புத்தகம். மாத்யூ டெஸ்மண்டின் ‘எவிக்டட்’ (2016). மறு வருஷம் புலிட்சர் வாங்கியது. களம் நியூயார்க்கோ சான் பிரான்சிஸ்கோவோ இல்லை. மில்வாக்கி, ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் வாழும் நடுத்தர நகரம். டெஸ்மண்ட் சமூகவியலாளர். வெள்ளை ஏழைகள் இருந்த டிரெய்லர் பார்க்கிலும், கறுப்பினத்தவர் பகுதியில் ஓர் அறையிலும் அவரே குடியிருந்து எழுதினார்.

தொடக்கமே ஒரு சின்னப்பையன் கார் மேல் பனிக்கட்டியை உருட்டி எறிவதுதான். கார்க்காரன் இறங்கி விரட்டிவந்து வீட்டுக் கதவை உதைத்து உடைக்கிறான். உடைந்த கதவுக்காக அந்தக் குடும்பமே காலி பண்ண வேண்டியதாகிறது. பையனின் அம்மா அர்லீனுக்கு மாசம் வரும் உதவித்தொகை 628 டாலர். பின்னால் கிடைக்கிற ஒரு வீட்டின் வாடகை 550. மிச்சத்தில் இரண்டு பையன்களை வளர்க்க வேண்டும். அமெரிக்காவில் ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை மட்டும் வாடகையாகக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அரசு கொடுக்கும் என்று 1970-களிலிருந்தே ஓர் ஏற்பாடு இருக்கிறது. கேட்கச் சொர்க்கம்போல இருக்கும். தகுதியுள்ள நாலு குடும்பத்தில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது என்பதுதான் டெஸ்மண்டின் ஆத்திரம். மீதி மூன்று குடும்பம் வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கிறது, அல்லது வரிசையே மூடப்பட்டிருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஷெரீனாவைப் பற்றி. அர்லீனின் வீட்டுக்காரி. கறுப்பினப் பெண், முன்னாள் பள்ளி ஆசிரியை. டெஸ்மண்ட் அவளோடும் காரில் சுற்றுகிறார், வாடகை வசூலுக்குப் போகிறார், அவள் கணக்கைப் பார்க்கிறார். அவள் குடியிருப்பவர்களுக்கு மளிகை வாங்கிக் கொடுக்கிறாள், அதே கையால் கோர்ட்டுக்கும் போகிறாள். இரண்டும் அவளுக்கு முரணாகவே தெரியவில்லை. வாசிக்கிற நமக்கு அவள் மேல் கோபம் வருகிறது, கூடவே அவளுடைய சாமர்த்தியம் பிடித்தும்போகிறது. அவள் எப்படி லாபம் பார்க்கிறாள் என்று புரிந்த பிறகுதான், ஏழைகளின் வாடகை ஏன் குறைவதேயில்லை என்று புரிகிறது. வீட்டுக்காரியை அரக்கியாக எழுதியிருந்தால் இந்தப் புரிதல் கிடைத்திருக்காது. ‘டு லெட்’ தவறவிட்டது இதைத்தான். நான் இரக்கத்துக்காகக் கேட்கவில்லை, கணக்கு தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

*

எங்கள் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு வாடகைக்கு இரண்டு முகம். கீழே ‘லைன் வீடு’, மேலே ‘லயம்’. இரண்டும் ஒரே இங்கிலீஷ் சொல்லிலிருந்து வந்தவை என்பதை யோசித்துப் பார்க்க எனக்கு முப்பது வயது ஆகிவிட்டது. கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். தினம் போய்த் தினம் திரும்புகிறவர்கள் பாதி. அங்கேயே லயத்தில் தங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்காகக் கீழே கிழவியோடு வாடகை வீட்டில் விட்டிருப்பவர்கள் மீதி. மேலே வாடகை இல்லை. வீடு வேலையோடு ஒட்டியது. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்புத் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. வாடகை இல்லாத வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் வேலை போனால் வீடும் போச்சு. நான்கு தலைமுறை மாஞ்சோலையில் இருந்தவர்கள், தோட்டக் குத்தகை முடிகிற நேரத்தில், 2024-இல் லயத்தைக் காலி பண்ணச் சொல்லப்பட்டபோது இதைத்தான் பார்த்தோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி 70 பேர் போனார்கள், அநேகமாக எல்லோரும் தமிழர்கள். எந்த வீட்டில் படுப்பது என்று அவர்களில் யாரும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை.

லயத்தை இலக்கியம் விட்டுவிடவில்லை. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’ வால்பாறை லயங்களுக்குள் நம்மைப் படுக்க வைக்கிறது. இலங்கை மலையகத்தில் லயம் ஒரு தனி இலக்கிய மரபே. எங்கள் ஊர்க்காரர்களும் மலையை எழுதியிருக்கிறார்கள். எஸ். செந்தில்குமாரின் ‘கழுதைப்பாதை’ மலையேறும் சுமைகளின் நாவல். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏல மூட்டை சுமக்கும் ரெங்கசாமி ஒரு துண்டு நிலத்துக்காக வாழ்நாளைக் கொடுக்கிறான். கிடைக்கிறது. கடைசியில் அதே மண்ணில் நட்ட காற்றாலைக்கு வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கடைசிக் காட்சி ‘வீடு’ படத்தின் கடைசிக் காட்சிக்குத் தம்பி. இரண்டிலும் மண் கைக்கு வந்து நழுவுகிறது. பார், இங்கேயும் மண்தான். சொந்தம் என்ற ஒன்றை விட்டு நம் சோகத்துக்கு வேறு வடிவமே தெரியவில்லை.

மலைக்கும் கீழுக்கும் நடுவில் கிழவியும் பிள்ளைகளுமாக இருக்கும் அந்த வாடகை வீட்டை யாராவது எழுதியிருக்கலாம். அதிலும் ‘ஒத்தி’யை. சென்னை வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மொத்தமாக இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாச வாடகை கிடையாது. காலி பண்ணும்போது அதே பணம், வட்டியில்லாமல், கைக்குத் திரும்ப வர வேண்டும். கொரியாவில் ‘ஜொன்செ’ என்று கிட்டத்தட்ட இதே முறை உண்டு. சில வருஷம் முன்னால் அங்கே வீட்டுக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தராமல் போய், உயிர்ப்பலி வரை நடந்து, 2023-இல் தனிச் சட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு ஸ்டாம்ப் பேப்பர், இரண்டு சாட்சி, அவ்வளவுதான். ஒத்தியில் யார் யாருக்குக் கடன்காரர் என்றே சொல்ல முடியாது. குடியிருப்பவர் ஏழை, ஆனால் கடன் கொடுத்தவர் அவர்தான். வீட்டுக்காரர் சொந்தக்காரர், ஆனால் வெளியே போ என்று சொல்ல அவர் கையில் பணம் இருக்க வேண்டும். அந்தப் பணம் எங்கே இருக்கும்? வாங்கிய மாசமே யாராவது ஒருத்தி கழுத்தில் ஏறியிருக்கும்.

இப்போது அந்த இன்னொரு காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடி வீட்டில் ஒரு குடும்பம் ஒத்திக்கு இருக்கிறது. அந்தப் பாட்டியின் காம்பவுண்டை விட்டு வந்து, கடனும் சீட்டுமாக அப்பா கட்டிய வீடு இது. மாடியை அவர் போன பிறகு எழுப்பினோம். ஒத்திப் பணம் மூன்று லட்சம் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனது. மேலே இருப்பவர் ஜீப் டிரைவர். அவர் சம்சாரம் வாரம் முழுக்க மலையில் லயத்தில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை இறங்குகிறார். பிள்ளைகள் இரண்டும் அப்பத்தாவோடு. 2023-இல் போடி வரைக்கும் ரயில் வந்த பிறகு வாடகை ஏறிவிட்டது, அந்த மாடிக்கு மாசம் ஏழாயிரம் தாராளமாக வரும் என்று நண்பன் ஒருவன் சொன்னான். தீபாவளிக்கு நான் போனதே அம்மாவிடம் இதைப் பேசத்தான். பேங்கில் கடன் போட்டு மூன்று லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்களை அனுப்பிவிட்டு, வாடகைக்கு விடலாம். கணக்கு சரியாக இருந்தது. தை வரைக்கும் டயம் கொடுப்போம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அறுபது நாளுக்கு மேல் வருகிறது, ‘டு லெட்’ வீட்டுக்காரம்மா கொடுத்ததைவிட இரண்டு மடங்கு.

பேசுவதற்கு முன்னால் பொழுது போகட்டுமே என்றுதான் படத்தைப் போட்டுக் கொடுத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நடந்தது.

“அந்தக் காசு எதுக்கு?” என்று அம்மா கேட்டது படத்தைப் பற்றி மட்டும்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நண்பன் போனில் பேசியதை அவள் கேட்டிருக்கலாம். அவளுக்கு எல்லாமே காதில் விழும், கேட்காததுபோல இருப்பாள்.

மறுநாள் காலையில் மோட்டாரைப் பார்க்க மாடிக்குப் போனேன். அவர்கள் வீட்டுச் சுவரில் சின்னவன் இடுப்பு உயரத்துக்குக் கரித்துண்டால் ஜீப் ஜீப்பாக வரைந்து வைத்திருந்தான். எல்லா ஜீப்பிலும் பின்னால் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மலை ஒரே கோடு. ‘டு லெட்’ படத்துப் பையனும் சுவரில் வரைவான், அதைப் பற்றி என் பழைய பதிவில் ஒரு பத்தி உருகியிருக்கிறேன். இங்கே நின்றபோது முதலில் தோன்றியது, இதற்கு வெள்ளையடிக்க எவ்வளவு ஆகும் என்பதுதான்.

“என்னண்ணே, அழிச்சிரட்டா?” என்றான் சின்னவன்.

“வேணாம், இருக்கட்டும்” என்றேன். கீழே வந்தபோது அம்மா இட்லிக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். மேலே எதுவும் பேசினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். “பேசுறதுன்னா எங்கிட்டச் சொல்லிட்டுப் பேசு. ஸ்டாம்ப் பேப்பர்ல எம்பேருதான் இருக்கு” என்றாள்.